ஓலை கேட்கும் உலகம்

(திருநாவலூர் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

எனக்கு அளிக்கப்பட்டிருக்கும் தலைப்பு 'உலகக் குடிமகன்' என்பது. தலைப்பைக் கேட்டதும் உங்களிலே சிலர் முறுவலிக்கிறீர்கள். காரணம் எனக்குத் தெரியாததல்ல. "பட்டா மாறுதலுக்காக வட்டாட்சியர் அலுவலகத்தின் படிகளை ஏறி இறங்கியே செருப்புத் தேய்கிறது, இவர் உலகத்துக்கே பட்டா வாங்கித் தரப் போகிறாரோ" என்ற கேலி அந்த முறுவலிலே இருக்கிறது. இருக்கட்டும். கேலியோடே கேளுங்கள். நானும் உலகத்தை வானத்திலிருந்து பார்த்துப் பேசப் போவதில்லை. இந்தத் திருநாவலூர் மண்ணிலே நின்றுகொண்டு, பட்டாவைப் பற்றியும் பத்திரத்தைப் பற்றியுமே பேசப் போகிறேன்.

உலகக் குடிமை என்னும் கருத்தைத் தமிழனுக்கு எவரும் கப்பலிலே ஏற்றி அனுப்ப வேண்டியதில்லை. புறநானூற்றிலே 192-ஆம் பாட்டு. பாடியவன் கணியன் பூங்குன்றன். முதல் அடியை நான் சொல்ல வேண்டாம். உங்கள் உதடுகள் இப்போதே அசைகின்றன! அலங்கார வளைவுகளிலே, வாழ்த்து மடல்களிலே, மாநாட்டுப் பந்தலின் முகப்பிலே எத்தனை முறை எழுதினோம் அதனை! ஆனால் தோழர்களே, முதல் அடியை மனப்பாடம் செய்த நாம், கடைசி அடி வரையிலே நடந்து சென்றோமா? சென்றிருந்தால் தெரிந்திருக்கும்; அந்தப் பாட்டு உறவு கொண்டாடுவதோடு நின்றுவிடவில்லை. உயர்ந்தவனைக் கண்டு வாய் பிளக்காதே என்கிறது. எளியவனைத் தாழ்வாக எண்ணுவதையோ அதைவிடக் கடுமையாக விலக்குகிறது. உறவுமுறை சொல்லிக்கொள்ள ஒரு வாய் போதும். எளியவனை இகழாதிருக்கச் சட்டம் வேண்டும், அதனைச் செயற்படுத்தும் அலுவலகம் வேண்டும், அலுவலகத்திலே அமர்ந்திருப்பவனுக்கு நெஞ்சம் வேண்டும்.

2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 27. நியூயார்க் நகரம், ஐக்கிய நாடுகள் அவை. இந்தியத் தலைமையமைச்சர் நரேந்திர மோடி அவர்கள் எழுந்து பூங்குன்றனின் அந்த அடியைத் தமிழிலேயே சொன்னார். உலக மன்றத்திலே தமிழ் ஒலித்தது. நாமும் மகிழ்ந்தோம், மகிழவில்லை என்று சொன்னால் அது பொய். இப்போது நாள்காட்டியைப் புரட்டுங்கள். அதே ஆண்டு டிசம்பர் 11. மாநிலங்களவையிலே குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறுகிறது. ஆதரவு 125, எதிர்ப்பு 105. ஆப்கானிஸ்தானம், வங்காளதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்துக்கள், சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சிகள், கிறித்தவர் ஆகியோருக்குக் கதவு திறக்கும். இசுலாமியருக்குத் திறக்காது. இலங்கையிலிருந்து வந்தவருக்கோ, இந்துவாயினும் திறக்காது, கிறித்தவராயினும் திறக்காது. பட்டியலிலே இலங்கையே இல்லை! செப்டம்பரிலே உலகோர் அனைவரும் உறவினர். டிசம்பரிலே இராமேசுவரத்தின் எதிர்க்கரைக்காரன் உறவினனல்லன். இடையிலே கழிந்தவை 75 நாட்கள்! கழகத்தின் உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். ஈழத் தமிழரை எதற்காக விட்டீர்கள் என்று கேட்டார்கள். அண்ணாவின் பெயரைக் கட்சிப் பெயரிலே சுமப்பவர்கள் ஆதரித்து வாக்களித்தார்கள். அவர்களைப் பற்றி இதற்கு மேலும் பேசி உங்கள் பொழுதை வீணாக்க விரும்பவில்லை.

திருநாவலூர் தந்த வழக்கு

இந்த ஊருக்கு வருவோம். சுந்தரர் பிறந்த ஊர் இது. "பகுத்தறிவுப் பாசறைக்காரனுக்கு நாயன்மார் எதற்கு?" என்று முன்வரிசைத் தோழர் ஒருவர் புருவத்தை உயர்த்துகிறார். பொறுங்கள், தோழரே! தேர் இழுக்கச் சொல்லவில்லை. சேக்கிழார் எழுதிவைத்த கதைக்குள்ளே ஒரு வழக்கு இருக்கிறது. அந்த வழக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஆதிசைவர் குலத்திலே பிறந்த பிள்ளையை, இந்தத் திருமுனைப்பாடி நாட்டை ஆண்ட நரசிங்க முனையரையர் எடுத்து வளர்க்கிறார். மணப்பருவம் வருகிறது. புத்தூரிலே சடங்கவியின் மகள் மணப்பெண். பந்தல் நிறைந்திருக்கிறது. அப்போது வருகிறார் ஒரு கிழவர், கையிலே ஓர் ஓலையோடு. "இவன் என் அடிமை, இவனுடைய பாட்டன் எழுதித் தந்த ஓலை இது" என்கிறார். மாப்பிள்ளை சினந்து, ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். கிழவர் கலங்கினாரா? இல்லை! கிழிந்தது படி, மூலம் திருவெண்ணெய்நல்லூரிலே இருக்கிறது! வழக்கு அவ்வூர் அவைக்குப் போகிறது. நமக்குப் பக்கத்து ஊர்தான். இப்போது மாவட்டம் வேறாகிவிட்டது, வழி அதேதான். அவையோர் என்ன செய்தார்கள்? எதிரே நின்ற இளைஞனின் முகத்தைப் பார்த்தார்களா? அவன் வாழ்வைப் பார்த்தார்களா? பாட்டனின் பழைய கையெழுத்தை வரவழைத்தார்கள். ஓலையின் எழுத்தோடு ஒப்பிட்டார்கள். ஒத்திருந்தது. தீர்ப்புச் சொன்னார்கள்: நீ அடிமை!

கிழவராக வந்தவர் சிவபெருமான் என்று கதை கூறும். நம்புவோர் நம்பட்டும். அடிமை என்று பிடித்தவர் பிறகு தோழமை தந்தார். 'தம்பிரான் தோழன்' என்ற பட்டமும் கிடைத்தது. கதை இனிதே முடிந்தது, மணமேடையிலே விடப்பட்ட அந்தப் புத்தூர்ப் பெண்ணைத் தவிர! நாடகம் எழுதுகிறவனாதலால் எனக்கு அவள்மீதுதான் கண். அவையிலே அவளை எவரும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவளைப் பிறகு கவனிப்போம்.

ஓலையோடு கடவுள் வந்தால் கதை நட்பிலே முடியும். ஓலையோடு அரசாங்கம் வந்தால்?

துண்டு

சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டு. 1820-களிலே தொடங்கி இலங்கையின் மலைச்சரிவுகளிலே வெள்ளையர் காப்பித் தோட்டம் போட்டார்கள். காட்டை அழிக்க ஆள் வேண்டும். கன்று நட ஆள் வேண்டும். இக்கரையிலோ பஞ்சமும் பண்ணையடிமையும். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சை, புதுக்கோட்டை, நம்முடைய ஆர்க்காட்டுச் சீமை ஆகிய இடங்களிலிருந்தெல்லாம் கங்காணிகள் ஆள் திரட்டினார்கள். போனவர்களிலே பெரும்பாலோர் சேரியிலே பிறந்தவர்கள். ஊருக்குள்ளே ஊர் இல்லாதவர்கள். தோணியிலே மன்னாரைத் தொட்டு, காட்டு வழியே மலைக்கு நடந்தார்கள். வாந்திபேதி கண்டவர் வழியிலேயே விழுந்தார்கள். 1869-இலே காப்பிச் செடியை இலைநோய் பற்றியது. காப்பி அழிந்து தேயிலை வந்தது. செடி மாறியது, சீமான் மாறினான், லயத்து அறையிலே முடங்கியவன் மட்டும் மாறவில்லை.

அந்தத் தோட்டங்களிலே ஒரு காகிதம் வழங்கியது. கங்காணி தந்த முன்பணமெல்லாம் தொழிலாளியின் தலைமீது கடன். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், "இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுகிறேன்" என்று துரை எழுதிய சிறு கடிதம் வேண்டும். அதற்குத் 'துண்டு' என்று பெயர். துண்டில்லாதவனை எந்தத் தோட்டமும் சேர்க்காது. தோளிலே கிடக்கும் துண்டை அறிவோம். மனிதனைக் கட்டிப் போட்ட துண்டு இது! 1921-இலேதான் சட்டம் அதனை ஒழித்தது.

துண்டு ஒழிந்து 27 ஆண்டுகள். 1948 பிப்ரவரியிலே இலங்கை விடுதலை பெற்றது. தேயிலை விற்ற பணத்திலே வாழ்ந்த நாடு, தேயிலை பறித்த கைகளுக்கு என்ன பரிசு தந்தது? குடியுரிமைச் சட்டம், எண் 18. அந்த ஆண்டு நவம்பர் 15 முதல் நடைமுறை. இலங்கை மண்ணிலே பிறந்திருந்தால் போதாது. உன் தந்தை இங்கே பிறந்தவரா? இல்லையெனில், உன் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா? சான்று எங்கே?

தோழர்களே! திருவெண்ணெய்நல்லூரிலே கேட்டார்களே பாட்டனின் கையெழுத்து, அதே கேள்வி! அங்கே பாட்டனின் ஓலை இருந்தது, பேரன் அடிமையானான். இங்கே பாட்டனின் ஓலை இல்லை, பேரன் நாடற்றவனானான். லயத்து இருட்டிலே பிறந்த பாட்டனுக்கு எவன் எழுதினான் பிறப்புச் சான்று? கைநாட்டு வைத்துக் கூலி வாங்கிய பூட்டனுக்கு எங்கேயிருந்து வரும் பத்திரம்? ஏறத்தாழ 7 இலட்சம் பேர் படுக்கும்போது ஒரு நாட்டின் மக்கள். எழும்போது எந்த நாட்டின் மக்களும் அல்லர்.

அடுத்த ஆண்டு இன்னொரு சட்டம். விண்ணப்பம் போடலாமாம். மணமானவர் 7 ஆண்டு, மணமாகாதவர் 10 ஆண்டு தொடர்ந்து வசித்ததற்குச் சான்று காட்ட வேண்டுமாம். எட்டு இலட்சம் பேருக்கு மேல் விண்ணப்பம் போட்டார்கள். ஆண்டுக்கணக்கிலே அலைந்தபின் ஏறத்தாழ 1,34,000 பேருக்கே கிடைத்தது. தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. 1952 தேர்தலிலே அந்த மக்களுக்கு வாக்கு இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்களிலே செல்வநாயகம் இருந்தார், தமிழர். என்.எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் பீட்டர் கெனமனும் எதிர்த்தார்கள், அவர்கள் தமிழரல்லர். இடதுசாரித் தலைவர்கள். தங்கள் வாக்காளர் முகம் சுளிப்பார்களே என்று தெரிந்தும் எழுந்து பேசினார்கள். உலகக் குடிமகனைக் காட்டு என்று என்னைக் கேட்டால், ஐ.நா. மன்றத்தைக் காட்ட மாட்டேன். தனக்கு வாக்குத் தராதவனுக்காகத் தன் ஊர் மன்றத்திலே வாய் திறந்த அந்த மனிதர்களைக் காட்டுவேன்.

பாரிசிலே அதே வாரம்

1948 நவம்பர் 15-இலே கண்டி மலையிலும் நுவரெலியா மலையிலும் நாடிழந்தார்கள் என்றேன். நான்கு நாள் கழித்து, நவம்பர் 19-இலே, பாரிசு நகரத்திலே கூடியிருந்த ஐ.நா. பொது அவைக்குள்ளே ஓர் இளைஞர் எழுந்து நின்று குரல் கொடுத்தார். காரி டேவிசு அவர் பெயர், அமெரிக்கர். போரிலே குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். நாடு என்ற ஒன்று இருப்பதனால்தான் போர் வருகிறது என்று எண்ணி, அமெரிக்கக் குடியுரிமையைத் தாமே துறந்து, "நான் உலகக் குடிமகன்" என்று அறிவித்துக்கொண்டவர். ஏடுகள் எல்லாம் எழுதின. அறிஞர்கள் பாராட்டினார்கள். நானும் அவரைக் குறைகூற மாட்டேன், துணிச்சல்காரர்.

ஆனால் பாருங்கள்! நாட்டைத் தூக்கி எறிந்தவருக்கு உலகக் குடிமகன் என்ற பெயர். நாடு தூக்கி எறிந்தவனுக்கு நாடற்றவன் என்ற பெயர். அவரிடம் துறக்க ஒன்று இருந்தது. தேயிலைக் கூடையோடு நின்ற பெண்ணுக்குத் துறப்பதற்கு ஏதும் இல்லை. கையிலே சோறு இருப்பவன் இருந்தால் அது நோன்பு. சோறில்லாதவன் இருந்தால் அது பட்டினி. ஆகவே, எல்லைகளை எல்லாம் அழித்துவிட்டால் எல்லாரும் உலகக் குடிமக்கள் என்று எவரேனும் இனிக்க இனிக்கப் பேசினால், முதலிலே கேளுங்கள்: ஒரு நாடும் ஏற்காதவனை உலகத்தின் எந்த வீட்டுக் கதவு திறந்து ஏற்கிறது?

அதே பாரிசிலே, அடுத்த மாதம், டிசம்பர் 10-இலே, மனித உரிமைப் பேரறிக்கை நிறைவேறிற்று. அதன் 15-ஆம் பிரிவு, ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியாக இருக்கும் உரிமை உண்டு என்கிறது. அதன் முதற்பிரிவிலே 'எல்லா ஆடவரும்' என்று பொருள்படும்படி இருந்த தொடரை, 'எல்லா மனிதப் பிறவிகளும்' என்று மாற்ற வைத்தவர் இந்தியப் பெண்மணி அன்சா மேத்தா. புத்தூர்ப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்காக ஒருத்தி பேசினாள்! ஒரு சொல் மாறியது. உலகத்துப் பாதிப்பேர் உள்ளே வந்தார்கள். ஏட்டிலே எழுதியது ஏட்டோடு நின்றது என்பது வேறு கதை.

தலைகளை எண்ணிய ஒப்பந்தம்

1964 அக்டோபர் 30. தில்லியிலே லால் பகதூர் சாத்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பமிட்டார்கள். 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 1974-இலே பார்த்தார்கள், ஆளுக்கு 75,000! பாகப்பிரிவினையிலே பசுமாட்டைப் பிரிக்கும்போதுகூட, கன்று எது தாய் எது என்று பார்ப்பான் உழவன். இங்கே அண்ணன் இந்தியக் கணக்கிலே, தம்பி இலங்கைக் கணக்கிலே. தாய் ஒரு பட்டியலிலே, மகள் ஒரு பட்டியலிலே. பிரிக்கப்பட்டவர்களை எவரும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. மலையிலிருந்து தலைமன்னாருக்கு மக்களை ஏற்றிவந்த புகைவண்டியை அங்கே 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். அந்தப் பெயரைச் சூட்டிய வாய்க்குப் பள்ளிப் படிப்பு இருந்திருக்காது. எத்தனை நாடகம் எழுதினாலும் எனக்கு அப்படி ஒரு தலைப்புக் கிடைக்காது.

வந்தவர்களிலே ஒரு பகுதியினருக்கு நீலகிரியிலே வேலை தரத்தான் அரசின் தேயிலைத் தோட்டம் 1968-இலே தொடங்கப்பட்டது. வராமல் அங்கேயே தங்கியோர், 1977 கலவரத்திலே அடிபட்டு வன்னிக்கு ஓடினார்கள். 1983 சூலைக்குப் பிறகு கடலைத் தாண்டினார்கள். இராமேசுவரத்திலே இறங்கும்போது அவர்களுக்குப் புதுப்பெயர் ஒன்று காத்திருந்தது. இந்தியச் சட்டப்புத்தகத்தின்படி, முறையான பயண ஆவணம் இன்றி வந்த அவர்கள் 'சட்டவிரோதக் குடியேறிகள்'! இலங்கை, 'நீ இந்தியன்' என்று துரத்தியது; இந்தியா, 'நீ இலங்கைக்காரன்' என்று முகாமிலே வைத்தது.

இன்னொரு முரணைப் பாருங்கள். 2003-ஆம் ஆண்டு இலங்கை நாடாளுமன்றம், 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. 55 ஆண்டுக்குப் பிறகு வந்த அறிவு, ஆனாலும் வந்தது. அதே 2003-ஆம் ஆண்டின் இந்தியத் திருத்தச் சட்டமோ, பெற்றோரிலே ஒருவர் சட்டவிரோதக் குடியேறியானாலும் இந்த மண்ணிலே பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்றது. அக்கரையிலே ஒரு கதவு திறந்த ஆண்டிலே இக்கரையிலே ஒரு கதவு சாத்தப்பட்டது.

2021 ஆகத்திலே அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவர்கள் சட்டமன்றத்திலே கணக்கைச் சொன்னார். 1983 முதல் வந்தவர் 3,04,269 பேர். முகாம்களிலே இன்னும் வாழ்வோர் 58,822 பேர். வெளியிலே காவல்நிலையப் பதிவோடு வாழ்வோர் 34,087 பேர். வீடுகளுக்கும் கல்விக்கும் வாழ்வாதாரத்துக்குமாக 317 கோடியே 40 இலட்சம் ரூபாய் ஒதுக்கினார். 'அகதி முகாம்' என்ற பெயரை எடுத்துவிட்டு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரிட்டார். பெயரிலே என்ன இருக்கிறது என்பவன் 'அகதி' என்று பள்ளிக்கூடத்திலே அழைக்கப்பட்டிருக்க மாட்டான். வீடு கட்டித் தரலாம், மாநில அரசால் முடியும். குடியுரிமை? அது தில்லியின் பெட்டியிலே இருக்கிறது, சாவியும் அங்கேதான். 2025 செப்டம்பரிலே ஒன்றிய அரசு, 2015 சனவரி 9 வரையிலே வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, ஆவணம் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்கியது. நல்லது. ஆனால் 'உன்னைச் சிறையிலே போடமாட்டேன்' என்பது, 'நீ என் வீட்டுக்காரன்' என்பதாகுமா?

அவர்கள் தொலைவிலே இல்லை, தோழர்களே! நம் மாவட்டத்திலேயே சின்னசேலத்திலே முகாம் உண்டு. அங்கே பிறந்து, அங்கே படித்து, அங்கே மணந்து, பிள்ளை பெற்றவர்கள் உண்டு. கணக்கெடுப்பு நாளன்று முகாமிலே இருந்தாக வேண்டும். வாக்கு இல்லை, அரசு வேலை இல்லை. நம் வீட்டுப் பிள்ளை படிக்கும் அதே பாடப் புத்தகத்தைத்தான் அந்தப் பிள்ளையும் படிக்கிறது. பூங்குன்றன் பாட்டையும் படித்துத் தேர்வு எழுதுகிறது!

படகை நிறுத்தியவர்

1986 ஆகத்து மாதம். கனடா நாட்டின் கிழக்கு மூலை, நியூபவுண்ட்லாந்துக் கடல். கடும் பனிமூட்டம். உயிர்காக்கும் படகுகள் இரண்டிலே 150-க்கும் மேற்பட்ட தமிழர்கள். கப்பல்காரன் இறக்கிவிட்டுப் போய்விட்டான். கண்டவர் ஒரு மீனவர். கசு டால்டன் அவர் பெயர். அவருக்குத் தமிழ் தெரியாது. இலங்கை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. 'உன் பாட்டனின் ஓலை எங்கே' என்று கேட்கவில்லை அவர். மற்றப் படகுகளையும் அழைத்தார், ஏற்றிக்கொண்டார், கரை சேர்த்தார். அவர்கள் இந்தியாவிலிருந்து வந்ததாக முதலிலே சொன்னது பொய். செருமனியிலிருந்து புறப்பட்டார்கள் என்று பிறகு வெளியாயிற்று. கனடாவிலே சிலர் கொதித்தார்கள். ஆயினும் அந்த நாடு அவர்களைக் கடலுக்குள்ளே திருப்பித் தள்ளவில்லை. தங்க இசைவு தந்தது. இலங்கையிலே பிறந்து, சிறுவனாக அந்நாட்டுக்குச் சென்ற கரி ஆனந்தசங்கரி 2023-இலே அங்கே அமைச்சரானார். அதே காலத்திலே மண்டபத்திலே வந்திறங்கிய சிறுவனுக்கு இப்போது நரை கண்டுவிட்டது. அவன் இன்னமும் கணக்கெடுப்பிலே கையெழுத்துப் போடுகிறான்.

அண்ணாவைச் சொல்லாமல் எப்படி? 1968-இலே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக அழைப்பின்பேரிலே சென்ற அண்ணா, வத்திக்கானிலே போப்பாண்டவர் ஆறாம் பவுலைச் சந்தித்தார். தமிழ்நாட்டு முதலமைச்சர் போப்பாண்டவரிடம் என்ன கேட்பார்? தமிழ்நாட்டுக்கு ஒன்று கேட்பார் என்று நினைப்போம். அவர் கேட்டது மராட்டியர் ஒருவருக்காக! கோவா விடுதலைக்காகப் போராடி 1955-இலே பிடிபட்ட மோகன் ரானடே, கோவா 1961-இலே விடுதலை பெற்ற பிறகும் போர்த்துக்கலின் சிறையிலே கிடந்தார். இந்தியா மறந்திருந்த கைதி. அவரை விடுவிக்கச் சொல்லுங்கள் என்று கேட்டார் கடவுள் மறுப்பு இயக்கத்திலே வளர்ந்தவர், கத்தோலிக்கரின் தலைவரிடம்! 1969 சனவரியிலே ரானடே விடுதலையானார். பிப்ரவரி 3-இலே அண்ணா மறைந்தார். வாக்கு வராது, வசூல் வராது, வாழ்த்துக்கூட நேரிலே கேட்கும் வாய்ப்பு இல்லாமற் போயிற்று. கேட்டார்; அவ்வளவுதான்.

நம் வாசலுக்கு வந்தவர்

இதுவரை கைதட்டினீர்கள். இனிச் சொல்லப்போவதற்குக் கை தட்டுவீர்களோ, தெரியாது.

உளுந்தூர்ப்பேட்டைச் சாலையோரத்துக் கடைகளிலே, கட்டட வேலையிலே, கோழிப்பண்ணையிலே, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் நிற்கிறார்கள். அவர்களை என்ன பெயரிட்டு அழைக்கிறோம் தேநீர்க் கடையிலே? அந்தப் பெயரை மேடையிலே சொல்ல எனக்கு நா கூசுகிறது. இந்தித் திணிப்பை எதிர்க்கிறோம், உயிருள்ளவரை எதிர்ப்போம். ஆனால் செங்கல் சுமக்கும் பீகார்ப் பையனா இந்தியைத் திணித்தான்? அவன் மொழிக்கே அங்கே இந்தி இடம் விடவில்லை. மைதிலியும் போசுபுரியும் பேசிய தாயின் பிள்ளை அவன். 2023-இலே, தமிழ்நாட்டிலே வடவரை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். அரசு முன்வந்து பொய்யை உடைத்தது. பொய் பரப்பியவன் கயவன்தான். அந்தப் பொய்யை நம்பும்படியாக நம்மிலே ஒரு சொல்லும் கிளம்பக் கூடாது. ஒப்பந்தக்காரன் அவனுடைய அடையாள அட்டையை வாங்கிப் பெட்டியிலே பூட்டிக்கொண்டால், அதற்குப் பெயர் என்ன? துண்டு! கண்டி மலையிலே ஒழிந்த துண்டு கள்ளக்குறிச்சி மாவட்டத்திலே தலையெடுக்க விடலாமா?

நம்மவர் மட்டும் ஊரிலேயேவா இருக்கிறார்கள்? கல்வராயன் மலையிலிருந்து ஆண்டுதோறும் மிளகு பறிக்கக் கேரளத்துக்கும், காப்பித் தோட்ட வேலைக்குக் கருநாடகத்துக்கும் போகிறார்கள். அங்கே அவர்கள்தாம் 'வெளியூர்க்காரர்'. பூங்குன்றன் பேசுவது இருவழிப் பாதை.

இந்த ஊர்க் கோயிலின் கல்வெட்டிலே ஒரு செய்தி இருக்கிறது. கோயிலுக்குள்ளே போக விருப்பமில்லாத தோழர்கள் கல்வெட்டுத் தொகுதியிலே படிக்கலாம்! சோழ இளவரசன் இராசாதித்தன், வடக்கெல்லையைக் காக்கத் திருமுனைப்பாடியிலே படையோடு தங்கியிருந்த காலம். 949-இலே தக்கோலத்திலே யானைமீதே அவன் மாண்டதற்கு முன்னே. அவன் பரிவாரத்திலே இருந்த மலைநாட்டு வீரர்கள், சேர நாட்டிலிருந்து வந்தவர்கள், இங்கே விளக்கெரிய அறம் வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் கிராமம் என்னும் ஊரிலே, 943-இலே, வெள்ளன் குமரன் என்னும் சேர நாட்டுப் படைத்தலைவன் கற்கோயிலே எடுத்தான். வந்தவன் பெயரைக் கல்லிலே வெட்ட இந்த ஊர் இடம் கொடுத்தது. அவனிடம் ஓலை கேட்டதாகச் செய்தி இல்லை.

இப்போது வேலைக்கு வருகிறேன். பேசிக் கலைவதற்காக இந்தக் கூட்டம் போடவில்லை.

1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி, 1950 சனவரி 26 முதல் 1987 சூலை 1-க்கு முன்வரை இந்திய மண்ணிலே பிறந்தவர், பெற்றோர் எவராயினும், பிறப்பாலேயே குடிமக்கள். சலுகையன்று, சட்டம்! 1983-க்கும் 1987-க்கும் இடையிலே முகாம்களிலே பிறந்த பிள்ளைகள் உண்டு. அவர்கள் இப்போது நாற்பதை ஒட்டிய வயதினர். தாங்கள் குடிமக்கள் என்பதே பலருக்குத் தெரியாது. முகாமிலே வாழும் ஒரு பெண் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்று அந்த உரிமையை நிலைநாட்டினார். 2024 தேர்தலிலே வாக்களித்தார். ஒருவருக்குக் கிடைத்தது மற்றவர்க்கும் கிடைக்க வேண்டுமானால், வேண்டியது ஓலைதான். பிறந்த இடத்தின் பிறப்புச் சான்று. மண்டபத்திலே பிறந்திருந்தால் அந்த வட்டாரப் பதிவேடு. மருத்துவமனையிலே பிறந்திருந்தால் அந்தப் பதிவேடு. பதியாமல் விட்ட பிறப்பைக் காலங்கடந்து பதியவும் சட்டத்திலே வழி உண்டு.

வரும் ஞாயிறு காலை, இந்த ஒன்றியத்திலிருந்து பத்துத் தோழர்கள் சின்னசேலம் முகாமுக்குச் செல்வது என்று முடிவாகியிருக்கிறது. மகளிர் அணியிலிருந்து நால்வராவது வேண்டும். பிறப்பைப் பற்றிய செய்திகளைத் தாய்மார்கள் தாய்மார்களிடம்தான் சொல்வார்கள். கரைவேட்டியும் கொடியும் வேண்டாம். குறிப்பேடும் எழுதுகோலும் போதும். அவர்களுக்கு வாக்கு இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகையால் நாம் வாக்குக் கேட்டு வந்தோம் என்று எவரும் சொல்லவும் முடியாது. பிறந்த நாள், பிறந்த இடம், பெற்றோரின் பதிவு எண், பாட்டன் எந்த ஊரிலிருந்து மலைக்குப் போனார் என்பது, இந்த நான்கையும் எழுதிக்கொண்டு வாருங்கள். வழக்கறிஞர் அணித் தோழர்கள் இருவர் மேடைக்குப் பின்புறம் அமர்ந்திருக்கிறார்கள். வருவோர் அவர்களிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மணி ஒன்பதரை. பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். இன்னும் ஒருவர் பேச இருக்கிறார்.